ஜன்னலுக்கு வெளியே நீட்டிய கை

ராசாத்தாள் பார்த்ததைப் பொய் என்று யாரும் சொல்லவில்லை. பார்த்தாள்தான். விடிந்தும் விடியாமலும் குழாயடியில் குடத்தோடு நின்றிருந்தாள். திருமலைசாமி பையை மாட்டிக்கொண்டு முன்னால் போனதும், ராமாமணி தலையைக்கூட முடிந்துகொள்ளாமல் பின்னால் ஓடியதும் அவள் கண்ணில் பட்டது. பட்டதை மட்டும் சொல்லியிருந்தால் பேச்சே இல்லை. "பொண்டாட்டிய உதறிப்போட்டு ஓடறான். புடிச்சு நிறுத்தோணும்னு அவ தொரத்தறா" என்று அதற்கு வாலும் தலையும் வைத்தாளே, அதுதான் தப்பு. அடுத்த வாரம் ராமாமணியும் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பியதும், "பாரு, நாஞ் சொல்லலையா" என்று அவள் சொல்ல, தெரு முழுக்கத் தலையை ஆட்டியது.

அவர்கள் குடியிருந்தது திருமலைசாமியின் லாரி முதலாளி வீடு என்பதும், காலி பண்ணச் சொன்னால் காலி பண்ணித்தான் ஆகவேண்டும் என்பதும் தலையை ஆட்டியவர்களுக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் ஓடிப்போன கதையில் ஒரு ருசி இருக்கிறது. வீட்டைக் காலி பண்ணின கதையில் என்ன ருசி இருக்கிறது?

ராமாமணி அவரைப் பிடிக்க ஓடவில்லை. எதற்கு ஓடினாள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த மனுசன் யார் என்று தெரியாமல் அதைச் சொன்னால் விளங்காது.

திருமலைசாமி சூலூரில் தம்பிதுரைக் கவுண்டரின் லாரியை ஓட்டினார். நூல் மூட்டை ஏற்றிக்கொண்டு பல்லடம், காங்கேயம், வெள்ளகோவில் வழியாகக் கரூருக்குப் போவார், வருவார். பதினோரு வருசம் அதே ரோடு. அந்த ரோட்டில் எந்தப் புளியமரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கேட்டால் படுத்துக்கொண்டே சொல்வார்.

ரோட்டில் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் அவரைப் போல இல்லை. எதிரே வண்டி வருவது தெரிந்தால் விளக்கை இரண்டு தரம் அடித்து, நான்தான் முதலில் என்று ஒற்றைப் பாலத்துக்குள் நுழைகிறவர்கள் உண்டு. ஆஸ்பத்திரி வாசலில் காது கிழிய ஏர் ஹாரன் அடிப்பவர்கள் உண்டு. வண்டி மக்கர் பண்ணினால் சக்கரத்துக்குக் கல்லை அண்டை கொடுத்து, ரிப்பேர் முடிந்ததும் கல்லை நடு ரோட்டிலேயே விட்டுப் போகிறவர்களோ கணக்கில்லை. பின்னால் வருகிற சைக்கிள்காரன் அதில் ஏறி விழுந்தால் அவர்களுக்கென்ன?

திருமலைசாமி அந்தக் கல்லைக் கண்டால் வண்டியை ஓரம் கட்டி இறங்கி, கல்லைப் பள்ளத்தில் உருட்டிவிட்டுத்தான் கிளம்புவார். காங்கேயத்து டீக்கடையில் மற்ற டிரைவர்கள் கேட்பார்கள்.

"ஏனுங்ணா, நீங்க லாரி ஓட்டறீங்களா, கல்லுப் பொறுக்கறீங்களா?"

"ரெண்டுக்கும் ஒரே சம்பளந்தாங் கண்ணு."

"ஆடு குறுக்க வந்தா எறங்கி வழி உடறீங்களாமா?"

"ஆட்டுக்கு ஹாரன் அடிச்சா அது ஓடும், அதும் பின்னால குட்டி நிக்கும். குட்டியும் போகட்டும்னு நிப்பாட்டறேன். உங்களையாட்ட சீக்கிரமாப் போய் நான் என்ன செய்யப் போறேன்?"

இதெல்லாம் இருக்கட்டும். அந்த ரோட்டில் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அவருடைய வலது கை. மூட்டை அடுக்கின லாரிக்குப் பின்னால் வருகிறவனுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று ஒன்றும் தெரியாது. எதிரே ரோடு காலியாக இருந்தால் லாரி டிரைவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, முன்பக்கமாக வீசிக் காட்டுவார். தாண்டிப் போ என்று அர்த்தம். பின்னால் இருக்கிறவன் அந்தக் கையை நம்பி வலது பக்கம் ஏறுவான். தாண்டியதும் 'பீப்' என்று ஒரே ஒரு குட்டி ஹாரன் அடித்துவிட்டுப் போவான். அதுதான் நன்றி. முகம் பார்க்காமல், பேர் கேட்காமல், ஒருத்தன் கண்ணை இன்னொருத்தன் கடன் வாங்கிக்கொள்கிற பழக்கம் அது.

திருமலைசாமி கையை நீட்டினால் கண்ணை மூடிக்கொண்டு ஏறலாம் என்று பஸ் டிரைவர்களே சொல்வார்கள். வெள்ளகோவிலுக்கு மூன்று மைல் முன்னால் ரோடு நூல் பிடித்த மாதிரி நேராகக் கிடக்கும். பார்த்தால் அந்தக் கோடி வரை காலியாகத் தெரியும். ஆனால் நடுவில் ஒரு பள்ளம். அதில் இறங்கின வண்டி, லாரியே ஆனாலும், மேலே ஏறி வரும் வரைக்கும் கண்ணில் படாது. அந்தப் பள்ளம் தாண்டும் வரை அவர் கை வெளியே வராது. பின்னால் இருப்பவன் எத்தனை ஹாரன் அடித்தாலும் வராது. பதினோரு வருசம் வரவில்லை.

தொண்ணூற்று நாலாம் வருசம் வைகாசியில் ஒருநாள் வந்தது.

பவானியில் ஜமக்காள வியாபாரம் பண்ணுகிற சென்னிமலை என்பவர், தன் மனைவியை மாருதி வேனில் ஏற்றிக்கொண்டு கரூருக்குக் கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். வழியில் காங்கேயத்தில் ஒரு வேலையை முடித்துவிட்டு வந்ததில் முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது. லாரியின் பின்னால் மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்தார். இரண்டு மைல் தூரம் விடாமல் அடித்தார். அது ஒரு கெட்ட பழக்கம்தான், இல்லையென்று சொல்லவில்லை.

திருமலைசாமியின் கை வெளியே போனது. வீசிக் காட்டியது. வேன் வலது பக்கம் ஏறியது, தாண்டியது. 'பீப்' என்று நன்றி ஹாரன் அடித்தது. அந்தச் சத்தம் அடங்கி வேன் இடது பக்கம் சேர்வதற்குள் பள்ளத்திலிருந்து ஒரு மணல் லாரி தலையைத் தூக்கியது. சென்னிமலை வண்டியை ஒடித்துப் புளியமரத்தில் கொண்டுபோய் மோதினார். மணல் லாரி நிற்காமல் போய்விட்டது. சென்னிமலைக்குக் கால் முறிந்தது. அவர் மனைவி பிழைக்கவில்லை.

திருமலைசாமிதான் வேன் கதவை நெம்பி இரண்டு பேரையும் வெளியே எடுத்தார். அந்த அம்மாளின் மடியில் கல்யாணத்துக்குக் கொண்டுபோன தேங்காய் பழத் தட்டு இருந்தது. தட்டு அப்படியே இருந்தது.

ஸ்டேஷனுக்கு அவரைக் கூப்பிட்டபோது முதலாளி அவருக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். தம்பிதுரைக் கவுண்டர் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. தன் டிரைவரிடமே 'ங்க' போட்டுத்தான் பேசுவார். நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க, உக்காருங்க. சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். அப்புறம் எல்லார் முன்னாலும், "நம்ம மேல தப்பொண்ணும் இல்லீங்களே திருமலைசாமி? நீங்க கைகிய்யி ஒண்ணும் காட்டலீங்களே?" என்றார்.

இந்த இடத்தைத்தான் வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் விளங்குவதில்லை. மரியாதையாக ஒருத்தர் அப்படிக் கேட்டால், மரியாதையாக "இல்லீங்க" என்று சொல்வதுதான் வழக்கம். சாப்பாடு வேண்டுமா என்றால் வயிறு காய்ந்தாலும் "இல்லீங்க". உடம்புக்கு முடியலையா என்றால் காய்ச்சலோடு "இல்லீங்க". பெரியவர் ஒருத்தர் கேட்ட கேள்வியை நாலு பேர் முன்னால் முறித்துப் பேசி திருமலைசாமிக்குப் பழக்கமே இல்லை. வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது.

"இல்லீங்க."

எழுதுகிறவர் எழுதிக்கொண்டார். இவர் கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையில், கை காட்டினதால்தான் ஏறினேன் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து சொன்ன சென்னிமலை பொய்யனாகிப் போனார். கண்மண் தெரியாமல் ஓட்டிப் பெண்டாட்டியைக் கொன்றவர் என்று அவர் மேல் வழக்கு. மாமனார் வீட்டார் வந்து, "எம் பொண்ணைக் கொன்னவன்கிட்ட எம் பேத்தி எதுக்கு" என்று நாலு வயசுக் குழந்தையைத் தூக்கிப் போய்விட்டார்கள்.

திருமலைசாமியை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்க முடியாமல் போனது.

முதலாளி லைசென்ஸை வாங்கி மேசை டிராயரில் வைத்துக்கொண்டார். "கேஸு முடியட்டுங்க. அதுவரைக்கும் நம்ம ஷெட்டைப் பார்த்துக்கங்க. சம்பளம் அதேதான். நீங்க நம்ம ஊட்டு ஆளுங்க" என்றார். வீடும் ஷெட்டை ஒட்டின அவருடைய வரிசை வீடுதான். ஒரே வாசல், ரோட்டைப் பார்த்து ஒரு கம்பி ஜன்னல். காலையில் எழுந்தால் முதலாளி வீடு, கதவைத் திறந்தால் முதலாளி ஷெட்டு, லைசென்ஸ் முதலாளி டிராயரில். வேறு இடத்தில் வேலை கேட்கலாம் என்றால் லைசென்ஸ் இல்லாத டிரைவரை எவர் சேர்ப்பார்? திருப்பிக் கேட்கலாமென்று இரண்டு தரம் போனார். இரண்டு தரமும் முதலாளி மோர் கொடுத்து, உடம்பை விசாரித்து, சிரித்த முகமாக அனுப்பி வைத்தார். கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பினார். அவர் சண்டை போட்டிருந்தால் இவரும் சண்டை போட்டிருப்பார். மோரோடு எப்படிச் சண்டை போடுவது?

வேலை முடிந்தால் ஜன்னலண்டை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். வெளியே திருச்சி ரோடு. பஸ் ஒன்று சட்டென்று பிரேக் போட்டால் இவர் வலது கால் தரையை அழுத்தும். யாராவது ஒருத்தர் தாண்டிப் போய் குட்டி ஹாரன் அடித்தால் முகம் வெளுத்துவிடும். ராமாமணி முதலில் பார்த்தும் பாராமல் இருந்தாள். அப்புறம் நாற்காலியைச் சமையல்கட்டுப் பக்கம் இழுத்துப் போட்டாள். சத்தம் அங்கேயும் வந்தது.

ஒன்றரை வருசம் இப்படிப் போனது. காங்கேயம் கோர்ட்டில் வந்து சாட்சி சொல்லும்படி சம்மன் வந்தது. அது வந்த வாரம் சென்னிமலையும் வந்தார்.

பஸ் ஸ்டாண்டில் எடுத்த வாடகைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து வந்தார். திருமலைசாமி ஜன்னல் வழியே பார்த்துவிட்டு உள்ளறைக்குள் போய்க் கதவிடுக்கில் நின்றுகொண்டார். ராமாமணி வாசலை அடைத்த மாதிரி நின்றாள்.

"ஏனுங்க அம்மணி, திருமலைசாமிங்கறது..."

"ஊட்டுல இல்லீங்க."

அவளுடைய காலுக்குப் பக்கத்திலேயே அவருடைய செருப்பு கிடந்தது. லாரி டயரில் தைத்த பெரிய செருப்பு. சென்னிமலை அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கமாகத் திரும்பிப் பேசினார்.

"சரிங்க. வந்தார்னாச் சொல்லுங்க. நாஞ் சண்டைக்கு வரலீங்க. கோர்ட்டுல அவர் என்ன சொன்னாலும் சொல்லிக்கட்டும். எனக்கு மட்டும் ஒண்ணு தெரியோணும். கையைக் காட்டுனாருங்களா இல்லீங்களா? ஊரே இல்லைங்குது. ராத்திரி பகலா நெனச்சு நெனச்சுப் பார்த்ததுல எனக்கே சந்தேகமாப் போச்சுங்க. இல்லாத கையைப் பார்த்து ஏறிப்போட்டனோன்னு இருக்குது. அப்படீன்னா அவளை நாந்தானுங்க கொன்னது."

ராமாமணி, "தண்ணி குடிக்கறீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லீங்க, வேண்டாமுங்க" என்றார். திரும்பிப் போகையில் ரோட்டுக்கு வந்ததும் ஓரமாக நின்று, பஸ், லாரி, மொபெட், மாட்டு வண்டி எல்லாம் போகும் வரை காத்திருந்தார். கடைசி வரை சைக்கிளில் ஏறவே இல்லை. தள்ளிக்கொண்டே போனார்.

அன்றைக்குச் சோறு போடும்போது ராமாமணி கேட்டாள். "காட்டுனீங்களா?"

"காட்டுனேன்."

"அப்புறம் ஏனுங்க..."

"அதில்ல அம்மணி. காட்டுனதைச் சொல்லிரலாம். கண்ணு தப்பிருச்சுன்னு சொல்லிரலாம். அது கண்ணு தப்புனது இல்ல. பள்ளம் வருதுன்னு எனக்குத் தெரியும். ரெண்டு மைலு அந்த ஹாரன் மண்டையைக் கொடஞ்சுது. போடா, போய்த் தொலைன்னு கையை வீசிப்போட்டேன். வழி உடற கையில்ல அது. அந்த ஆளு அது தெரியாம எனக்கு நன்றி ஹாரன் அடிச்சுட்டுப் போறாரு."

அவள் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். "சொன்னீங்கன்னா உங்களை உள்ள போடுவாங்க. இந்த ஊடு போயிரும். நான் எங்க போறதுங்க?" என்றாள்.

கோர்ட்டுக்கு முதல் நாள் சாயங்காலம் முதலாளியே நடந்து வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். "காலையில எட்டு மணிக்குக் கார் அனுப்பறேனுங்க. நானும் வாரேன். பஸ்ஸுல எதுக்கு அலையறீங்க? அங்க ஒரே கேள்விதான் கேப்பாங்க. ஸ்டேஷன்ல சொன்னதையே சொல்லிப்போடுங்க, முடிஞ்சுது. மறுநாளே லைசென்ஸை வாங்கிக்கங்க" என்றார். போகும்போது ராமாமணியிடம், "அவருக்கு நல்ல வேட்டியா எடுத்து வைங்க அம்மணி" என்றார்.

அவர் போனதும் திருமலைசாமி, "நான் விடியால பஸ்ஸுக்குப் போறேன்" என்றார்.

விடியக்காலம் அவர் குளித்துவிட்டு வந்து கதவை இழுத்தபோது கதவு வரவில்லை. வெளிப்பக்கம் கொண்டி போட்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், ராமாமணி வாசல்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். இதற்காக அவளைத் திட்டுகிறவர்கள் அவள் இடத்தில் ஒருநாள் இருந்து பார்த்துவிட்டுத் திட்டட்டும்.

"தெற அம்மணி."

"எட்டு மணிக்குக் கார் வருமுங்க. அப்பத் தெறக்கறேன்."

அவர் கதவை உதைக்கவில்லை. கத்தவும் இல்லை. கத்தினால் குழாயடிக்குக் கேட்கும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரோட்டில் பஸ்கள் போக ஆரம்பித்துவிட்டன. ஒவ்வொன்றும் போகும்போது கம்பி லேசாக அதிர்வது கையில் தெரிந்தது. பல்லடம் வண்டி போனது. அடுத்து கரூர் வண்டி ஆறரைக்கு. அதை விட்டால் கார் வருவதற்கு முன்னால் வேறு இல்லை.

"ராமாமணி" என்றார். பேர் சொல்லி அவர் அவளைக் கூப்பிடுவது அபூர்வம். "நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. கார் வந்தா நான் ஏறிருவேன். கவுண்டர் பக்கத்துல உக்கார வெச்சுக்குவாரு. பல்லடத்துல எறக்கி டிபன் வாங்கித் தருவாரு. அந்தக் கூண்டுல நின்னா எதிர்ல அவரு மொகந்தான் இருக்கும். கை காட்டுனீங்களான்னு கேட்டா என் வாயி இல்லீங்கன்னு சொல்லிரும். அன்னைக்கு மாதிரியே சொல்லிரும். எனக்கு என்னைத் தெரியும். ஜெயிலைச் சொல்லிப் பயப்படறே. நான் ஒண்ணரை வருசமா எங்க இருக்கறேன்?"

அவள் திரும்பவில்லை. முதுகு மட்டும் ஒரு தரம் அசைந்தது.

"செருப்பை அந்த ஆளு பார்த்தாரு, ராமாமணி" என்றார். "பார்த்துட்டும், வந்தாச் சொல்லுங்கன்னு உனக்கு வழி உட்டுட்டுப் போனாரு."

அவள் எழுந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கொண்டியை எடுத்தாள். துருப்பிடித்த கொண்டி, இழுத்தவுடன் வரவில்லை. இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது.

திருமலைசாமி பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். பையில் ஒரு வேட்டியும் துண்டும். திரும்பி வர எத்தனை நாள் ஆகுமோ என்று அதையும் எடுத்து வைத்திருந்தார். படியிறங்கி, ஷெட்டைத் தாண்டி, குழாயடியைத் தாண்டி, விறுவிறுவென்று ரோட்டைப் பார்த்து நடந்தார்.

ராமாமணி உள்ளே போனாள். போனவள் கண்ணில் அலமாரித் தட்டில் இருந்த சம்மன் காகிதம் பட்டது. அது இல்லாமல் போனால் கோர்ட் வாசலில் யாரிடம் என்னவென்று சொல்லி உள்ளே போவார்? கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவர் பாதித் தூரம் போய்விட்டார். ஒரு குரல் கொடுத்தால் போதும், நின்றுவிடுவார்.

குரல் கொடுக்கக் கூடாது. ஒரு காரியமாகக் கிளம்பிப் போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடுவது எந்த வீட்டிலும் செய்வதில்லை. கூப்பிட்டால் போகிற காரியம் நடக்காது. அந்தக் காரியம் நடந்துவிடுமே என்றுதான் சற்று முன் வரைக்கும் கொண்டியைப் போட்டுக் காவல் இருந்தாள். இப்போது ஒரே ஒரு கூப்பாடு போட்டால் கெடுத்துவிடலாம். வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

அதனால்தான் ஓடினாள். தலைமுடி அவிழ, குழாயடியில் ராசாத்தாள் குடத்தை வைத்துவிட்டு வாய் பார்த்து நிற்க, அவருடைய வலது பக்கமாக ஓடினாள். பக்கத்தில் வந்தும் நிற்கவில்லை, பேசவில்லை. அவரைத் தாண்டி நாலு எட்டு முன்னால் போய்த் திரும்பி நின்று, மூச்சு வாங்க, முகத்துக்கு நேராகக் காகிதத்தை நீட்டினாள்.

அவர் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவள் ஒதுங்கி வழிவிட்டாள்.